ரோம் நகருக்கு எந்த மாதத்தில் போகலாம்? குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பியப் பயணம் என்றதும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது விமானச் சீட்டின் விலை. அடுத்தது பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. பருவநிலை மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. ரோம் நகரைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றிப் போடுவது நல்லது. அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி திறந்த வெளியில் இருக்கிறது. பேருந்தும் ரயிலும் இருந்தாலும் பழைய நகரத்தை நடந்துதான் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் அழைத்துச் சென்ற அம்மா, கொலோசியத்தின் வாசலிலேயே வெயில் தாங்காமல் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பயணத்தைத் திரும்ப நடத்துவது எளிதல்ல.

ஆகவே "எந்த மாதம் சிறந்தது?" என்று கேட்பதற்கு முன்பு, "யாரை அழைத்துச் செல்கிறோம்?" என்று கேட்க வேண்டும்.

கோடை: ஜூன் முதல் ஆகஸ்டு வரை

நாம் வெயில் நாட்டவர்கள், ரோம் வெயில் நம்மை என்ன செய்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ரோமின் பகல் வெப்பம் சராசரியாக 31, 32 டிகிரி செல்சியஸ். கோலாலம்பூரும் அப்படித்தான். ஆனால் இரண்டுக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, வெப்ப அலை வந்தால் அங்கே 35 டிகிரிக்கு மேல் பல நாள் நீடிக்கும். 2023 ஜூலை 18ஆம் தேதி ரோமில் 41 டிகிரியையும் தாண்டியது. இரண்டாவது, நம் ஊரில் மாலை மழை சூட்டைத் தணிக்கும். ரோமில் ஜூலைதான் மழை மிகக் குறைந்த மாதம். சூரியன் மறைய இரவு 9 மணியை நெருங்கிவிடும். மூன்றாவது, இங்கே நாம் வெயிலில் அதிகம் நடப்பதில்லை. வீட்டிலிருந்து கார், காரிலிருந்து கடைத்தொகுதி என்று பழகியவர்கள் அங்கே கல் பாவிய சாலையில் நாள் முழுவதும் நடக்க வேண்டியிருக்கும். பண்டைய ரோமானியரின் பொது மன்றமாக இருந்த ஃபோரம் இடிபாடுகளில் ஒதுங்கி நிற்க நிழல் குறைவு.

காற்றில் ஈரப்பதம் குறைவாக இருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடலில் நீர் குறைவது தெரியாது. இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள், கோடையில் போவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்வது அவசியம்.

ஆகஸ்டு 15 இத்தாலியில் ஃபெராகோஸ்தோ என்னும் பெரிய விடுமுறை நாள். அதையொட்டி ரோம் மக்களே கடற்கரைக்கும் மலைப்பகுதிக்கும் போய்விடுவார்கள். குடும்பத்தினர் நடத்தும் உணவகங்களும் சிறு கடைகளும் இரண்டு மூன்று வாரம் மூடியிருப்பது வழக்கம்.

கோடைக்கும் நல்ல பக்கம் உண்டு. பகல் 15 மணி நேரம் நீளும். கொலோசியம் மாலை 7.15 வரை திறந்திருக்கும். காலை 8 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் திறந்தவெளி இடங்களை முடித்து, நண்பகலில் தேவாலயங்களுக்குள் இருந்துவிட்டு, மாலை 6 மணிக்கு மேல் மீண்டும் வெளியே வந்தால் சமாளிக்கலாம். தெருவோரங்களில் நாசோனி என்று அழைக்கப்படும் குடிநீர்க் குழாய்கள் நகரெங்கும் உள்ளன. குளிர்ந்த நல்ல தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும். ஒரு காலிப் போத்தல் கையில் இருந்தால் போதும்.

இளவேனில்: ஏப்ரல், மே

ஏப்ரலில் பகல் வெப்பம் 19 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்தில் 23, 24 டிகிரி. கேமரன் மலையில் நடப்பது போன்ற இதம். ஸ்பானியப் படிக்கட்டுகளில் அசேலியா மலர்ச் செடிகளை அடுக்கி வைப்பதும் இந்தப் பருவத்தில்தான். மரபுப்படி கி.மு. 753இல் ரோம் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் ஏப்ரல் 21ஆம் தேதியை நகர மக்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஈஸ்டர். புனித வாரத்தில் உலகெங்கிலும் இருந்து கத்தோலிக்கர்கள் திரள்வார்கள். அந்த வழிபாட்டில் பங்கேற்பதே நோக்கம் என்றால் பல மாதங்களுக்கு முன்பே விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகியவை இத்தாலியின் பொது விடுமுறைகள். அந்த நாள்களில் உள்நாட்டுப் பயணிகளின் கூட்டமும் சேரும்.

இலையுதிர் காலம்: செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை

அக்டோபரில் பகல் வெப்பம் 22 டிகிரியை ஒட்டியிருக்கும். இம்மாதத்தின் இதமான வெயில் நாள்களுக்கு ரோம் மக்கள் 'ஒத்தோப்ராதா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதியவர்களை அழைத்துச் செல்ல இது மிகப் பொருத்தமான காலம்.

அக்டோபர் கடைசியில் மழை கூடத் தொடங்கும். நவம்பர் மழை மிகுந்த மாதம். அங்குள்ள தெருக்களில் சம்பியெத்ரினி எனப்படும் கருங்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. மழையில் அவை வழுக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் சிரமம். செருப்பைத் தவிர்த்து, பிடிமானமுள்ள காலணி அணிவது நல்லது. மழை நாளில் பாந்தியன் ஆலயத்துக்குப் போகலாம். ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் பழைமையான அதன் கூரையின் நடுவில் பெரிய வட்டத் திறப்பு இருக்கிறது. அதன் வழியாக மழை உள்ளே விழுந்து, தரையிலுள்ள துளைகளின் வழியே வடிவதை நேரில் பார்க்கலாம்.

குளிர்காலம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை

குளிர் என்றதும் நம்மவர்கள் பின்வாங்குவது இங்கேதான். ரோமில் ஜனவரியில்கூடப் பகலில் சராசரி 12 டிகிரி இருக்கும். இரவில் 3 டிகிரி வரை இறங்கும். பனி பெய்வது அரிது. நல்ல கம்பளிச் சட்டை, உள்ளே ஒரு சூட்டு உடை, காலுறை, தொப்பி இருந்தால் பகலில் தாராளமாக நடக்கலாம். வெப்பத்தில் தளர்ந்துபோகும் முதியவர், இந்தக் குளிரில் கூடுதல் தூரம் நடக்க முடியும். ஆனால் மூட்டுவலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்குக் குளிர் தொல்லை தரலாம்.

பெரிய குறை பகல் நேரம். டிசம்பரில் மாலை 4.40 அளவில் இருட்டிவிடும். கொலோசியம் 4.30க்கே மூடப்படும், கடைசி நுழைவு 3.30. ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம். டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாள்களில் கொலோசியமும் வத்திக்கான் அருங்காட்சியகமும் திறக்கப்படுவதில்லை.

டிசம்பரில் புனித பேதுரு சதுக்கத்தில் குடிலும் கிறிஸ்துமஸ் மரமும் வைக்கப்பட்டிருக்கும். டிசம்பர் 8ஆம் தேதி போப்பாண்டவர் ஸ்பானியச் சதுக்கத்திலுள்ள மாதா தூணருகே வந்து செபிப்பது வழக்கம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விடுதிக் கட்டணம் ஏறும். ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு ஆண்டிலேயே குறைந்த விலையில் அறை கிடைக்கும், வரிசையும் குறைவு.

திருயாத்திரையாகச் செல்வோருக்கு

போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு புதன்கிழமை காலையிலும், மூவேளைச் செபம் ஞாயிறு நண்பகலிலும் நடைபெறும். புதன் சந்திப்புக்கான அனுமதிச் சீட்டு இலவசம். ஜூலையில் புதன் சந்திப்பு வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் என்பதால், அதற்காகவே போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸின் கல்லறை வத்திக்கானில் இல்லை. புனித மரியா பேராலயத்தில் இருக்கிறது.

தோள்களும் முழங்காலும் மூடியிருந்தால்தான் புனித பேதுரு பேராலயத்துக்குள் விடுவார்கள். சேலை, பஞ்சாபி உடை அணிவோருக்குக் கவலையில்லை. கோடையில் அரைக்கால் சட்டையோடு கிளம்பும் பிள்ளைகளுக்கு மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் ஏறினாலும் கடைசி 320 படிகளை நடந்தே ஏற வேண்டும். கோடை நண்பகலில் முதியவர்களை ஏற்ற வேண்டாம்.

யாருக்கு எந்த மாதம்?

* முதிய பெற்றோருடன் செல்வோர்: ஈஸ்டர் கூட்டம் கலைந்த பின் மே நடுப்பகுதி வரை, அல்லது அக்டோபர் முதல் மூன்று வாரங்கள்.
* பள்ளிப் பிள்ளைகளுடன் ஆண்டு நடு விடுமுறையில் செல்வோர்: மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரம். ஒவ்வொரு வாரம் தள்ளும்போதும் வெயில் கூடும்.
* பள்ளிப் பிள்ளைகளுடன் ஆண்டிறுதியில் செல்வோர்: டிசம்பர் முதல் மூன்று வாரங்கள்.
* செலவைக் குறைக்க நினைப்போர்: ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை. மழைக்கு அஞ்சாதவர்களுக்கு நவம்பர்.
* ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுப்பு கிடைப்போர்: குளிர்சாதன வசதி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள். பழைய கட்டடங்களில் அது இல்லாமலும் இருக்கலாம்.

எந்த மாதமானாலும் கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கொலோசியத்தின் சீட்டில் பெயர் அச்சிடப்படும் என்பதால் கடப்பிதழில் உள்ளபடியே பெயரைக் கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை ரோம் நம் நேரத்துக்கு 6 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மற்ற மாதங்களில் 7 மணி நேரம். மாத்திரை வேளைகளையும் வீட்டாரோடு பேசும் நேரத்தையும் அதற்கேற்ப முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.