வாலிபருக்கு ஒரு வாக்குறுதி: முயற்சிச் சங்கத்தின் கதை



ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பாடசாலையில் வேத வசனம் ஒப்புவித்த பிள்ளை, பதினைந்து பதினாறு வயதானதும் தேவாலயத்தின் கடைசி வாங்குக்குப் போய்விடுகிறது. சில காலத்தில் அந்த வாங்கிலும் அதனைக் காண முடிவதில்லை. இது இன்று நேற்றுத் தோன்றிய கவலையன்று. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு விடை தேடிய ஓர் இளம் போதகரின் முயற்சியை இன்று நோக்குவோம்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலே, போட்லன்ட் நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகராக விளங்கியவர் பிரான்சிஸ் கிளார்க். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்ற எழுப்புதல் கூட்டங்களில் அச்சபையின் வாலிபர் பலர் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். போதகருக்கு மகிழ்ச்சி, கூடவே அச்சமும் இருந்தது. கூட்டங்களின் சூடு ஆறியபின் இவர்கள் என்ன செய்வார்கள்? ஞாயிறு பாடசாலை சிறுவருக்குரியது, ஜெபக்கூட்டமோ பெரியவர்களுக்குரியது. இடையில் நின்றவர்களுக்கு உட்கார இடமிருந்தது. செய்வதற்கு வேலை இருக்கவில்லை.

பெப்ரவரி 2ஆம் திகதி மாலை வாலிபர்களைத் தமது இல்லத்துக்கு அழைத்தார் கிளார்க். மனைவி ஹரியட் அவர்களுக்குச் சிற்றுண்டி வைத்து உபசரித்தார். பின்னர் போதகர் ஒரு சங்கத்தின் விதிகளை வாசித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஜெபக்கூட்டத்துக்கு வரவேண்டும். வந்தவர் வாய்மூடி இருத்தலாகாது, ஏதேனும் ஒரு வகையில் பங்குபற்ற வேண்டும். இதைக் கேட்டதும் வந்திருந்தோர் மௌனமாயினர். விளையாட்டுப் பேச்சன்று என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. அந்த மௌனத்தைக் கலைத்து முதலிற் கையொப்பமிட்டவர் அவர்களுடைய ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுள் ஒருவரான பெனல். மூத்தவர் ஒருவர் முன்வந்தபின் இளையவர்களும் ஒவ்வொருவராகக் கையொப்பமிட்டனர். இவ்வாறு பிறந்ததே கிறிஸ்தவ முயற்சிச் சங்கமாகும்.

ஜெபக்கூட்டத்தை ஒழுங்குசெய்ய ஒரு குழு, புதியவரைத் தேடிச் சேர்க்கவும் சோர்ந்தவரை விசாரிக்கவும் ஒரு குழு, நட்புறவு வளர்க்க ஒரு குழு என வேலைகள் பகிரப்பட்டன. மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடப்படும்போது ஒவ்வொருவரும் தம் வாயாலே பதில் கூறவேண்டும். ஆண்களும் பெண்களும் கூடியிருக்கும் சபையிலே பெண்கள் பேசுவதைப் பல திருச்சபைகள் விரும்பாத காலம் அது. ஆயினும் வாக்குறுதி இருபாலாருக்கும் ஒன்றே. பல இளம் பெண்கள் சபை நடுவே முதன்முதலாக வாய்திறக்க வழி செய்தது இச்சங்கம் எனலாம்.

14 ஆண்டுகளுக்குள், 1895இல் பொஸ்டன் நகரில் நடந்த மாநாட்டில் 50,000க்கும் மேற்பட்டோர் கூடினர். சங்கம் கடல்களையும் கடந்தது. 1816இலிருந்து யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பணியாற்றி வந்தமையால், நமது நாட்டுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1880களில் இங்கு பணிபுரிந்த லீச் சகோதரிகளுள் ஒருவரான மார்கரெட் அதனை அறிமுகஞ் செய்தார்.

குறைகளும் இல்லாமலில்லை. மனப்பாடமான ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அமர்ந்து, கடமை தீர்ந்தது என்று எண்ணுவதற்கும் அந்த வாக்குறுதி இடந்தந்தது. பல சபைப் பிரிவுகளை ஒன்றுசேர்த்த இயக்கம் அது. எனினும் ஒவ்வொரு பிரிவும் தனக்கெனச் சங்கம் அமைக்க முற்பட்டது. மெதடிஸ்த திருச்சபையார் 1889இல் எப்வர்த் சங்கத்தை நிறுவினர். 20ஆம் நூற்றாண்டில் கிளார்க்கின் சங்கம் பழைய செல்வாக்கை இழந்தது.

எனினும், அவர் கண்ட உண்மை பழுதுபடவில்லை. வாலிபரை மகிழ்விக்க ஆலயங்கள் இன்று விழாக்கள் எடுக்கின்றன, போட்டிகள் நடத்துகின்றன, வாத்தியங்கள் வாங்குகின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் விருந்தாளி எவ்வளவு உபசரித்தாலும் ஒருநாள் புறப்பட்டுவிடுவான். வீட்டுப் பொறுப்பில் பங்குள்ளவனே தங்குவான். வாலிபர் சபைக்கு வருவதில்லை என்று குறைகூறும் மூத்தோர், அவர்களிடம் எந்தப் பொறுப்பை நம்பி ஒப்படைத்தோம் என்றும், பெனலைப் போல முதலிற் கையொப்பமிட எழுந்தோமா என்றும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.