பூட்டுக்கு முன் முத்திரை

கொச்சி அரச குடும்பத்தின் ஊரான திருப்பூணித்துறையிலிருந்து மேற்கே போனால் மட்டாஞ்சேரி. அங்கே 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியில் வழிவழியாகக் காத்துவந்த செப்பேடு ஒன்று உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையையும் 72 உரிமைகளையும் வழங்கிய சாசனம் அது. வட்டெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம்; மறைத்து வைக்க அதில் எதுவும் இல்லை. முடிவில் மட்டும் வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு ஆகியவற்றின் உடையவர்களும் படைத்தலைவனும் வரிசையாகச் சாட்சி நிற்கிறார்கள். 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பாரசீகம், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம் என்று கடல் கடந்தும் போகின்றன. நம் ஆவண மரபு ‘யார் படிப்பார்’ என்று கவலைப்படவில்லை. ‘யார் சொன்னது, இடையில் யாராவது கைவைத்தார்களா’ என்பதே அதன் கவலை. கணினிக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் தொழில் இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்கியது, அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் வாதம்.

சோழர் செப்பேடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ராஜராஜன் நாகப்பட்டினம் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி சொல்லும் லெய்டன் பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லா ஏடுகளிலும் ஒரு துளை, துளை வழியே ஒரு வளையம், வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் அரச முத்திரை. நடுவே ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும். கைக்கு வந்தபோது வளையம் வெட்டப்பட்டிருந்ததா என்று கல்வெட்டு அறிஞர்கள் தவறாமல் குறித்துவைப்பது இதனால்தான். ஒவ்வோர் ஏட்டிலும் எழுதியது சரியா என்பது ஒரு கேள்வி. கட்டு முழுசாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வளையம் பதில் சொல்வது இரண்டாவதற்கு.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் சிப் வடிவத்தை ஃபில் காட்ஸ் 1989-இல் கொண்டுவந்தபோது அதில் இருந்தது சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண். வழியில் தற்செயலாகக் கெட்டுப்போன பிட்டுகளை அது காட்டும். வேண்டுமென்றே மாற்றியவன் எண்ணையும் சேர்த்து மாற்றிவிடுவான் என்பதால், அது முத்திரை ஆகாது. கடவுச்சொல் வைக்கலாம் என்ற வசதியும் இருந்தது. அந்தப் பூட்டை 1994-இல் குறியாக்க ஆய்வாளர்கள் பிஹாமும் கோச்சரும் திறந்து காட்டினார்கள். கோப்பின் உள்ளடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்து முன்கூட்டியே தெரிந்தால் போதும், சாவி கணக்கில் கிடைத்துவிடும். 2003 வாக்கில் சிப் மென்பொருள் தயாரிப்பாளர்களான பிகேவேர் ஒரு வழியிலும் வின்சிப் வேறொரு வழியிலும் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கப் பூட்டைச் சேர்த்தன. ஒருவர் பூட்டியதை மற்றவரின் மென்பொருள் திறக்காத கூத்தும் சில காலம் நடந்தது. பூட்டு வலுவானாலும் வின்சிப் முறையில் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் பூட்டாமலே தெரிகின்றன. ‘பணிநீக்கப் பட்டியல்’ என்ற பெயர் தெரிந்த பிறகு உள்ளே என்ன ரகசியம் மிச்சம்? டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பிகேவேர் இடம் ஒதுக்கியது. ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஒப்பம், எல்லாக் கோப்புகளையும் பட்டியலிடும் அட்டவணைக்கு வேறோர் ஒப்பம். சோழ வளையத்தின் வேலையைச் செய்வது அந்த இரண்டாவது. ஆனால் பெரும்பாலோர் கையில் சிப் என்றால் இன்றும் கடவுச்சொல் மட்டுமே.

செப்பேட்டிலும் போலி உண்டே என்று கேட்கலாம். உண்டு, மேலைக் கங்கர் பெயரில் கிடைத்த ஏடுகளில் பலவற்றை அறிஞர்கள் போலி என்று தள்ளியிருக்கிறார்கள். முத்திரை இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு விசாகதத்தரின் முத்ராராட்சசம் நாடகமே சாட்சி: ராட்சசனின் மோதிரம் சாணக்கியன் கைக்குப் போனதும் கதை முடிந்தது. டிஜிட்டல் ஒப்பத்துக்கும் இதே பலவீனம்தான், ரகசியச் சாவியைத் தொலைத்தவன் கையெழுத்தையே தொலைத்தான். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. மட்டாஞ்சேரி ஏட்டின் நகலைப் பிரதமர் மோடி 2017-இல் இஸ்ரேல் பிரதமரிடம் கொடுத்தார். எவ்வளவு அழகாக வார்த்தாலும் அது நகல்தான். கணக்கால் போட்ட ஒப்பமோ ஒவ்வொரு நகலோடும் குறையாமல் போகும். உள்ளே ஓர் எழுத்து மாறினால் எந்த நகலிலும் பொருந்தாது. கொச்சிச் சாசனத்தைக் கி.பி. 379 என்று மரபு சொல்லி வந்ததை மறுக்க எழுத்தமைதியும் மன்னன் காலமும் ஆராய்ந்த அறிஞர்கள் தேவைப்பட்டார்கள். இங்கே யார் சொன்னது, யாராவது கைவைத்தார்களா என்ற சோதனையைக் கணினி நொடியில் முடிக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. மருத்துவ அறிக்கைக்கும் சம்பளப் பட்டியலுக்கும் முத்திரை எதற்கு, பூட்டுதானே வேண்டும்? பூட்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு பிறர் படிப்பதைத்தான் தடுக்கும். அனுப்பியவர் யார் என்று சொல்லாது. கடவுச்சொல் தெரிந்த எவரும் வேறொரு கட்டைக் கட்டி அதே சொல்லால் பூட்டலாம். இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அந்த மதிப்பு தரப்பட்டது ‘யார் சொன்னது’ என்ற கேள்விக்காகத்தான்.

ஆதார் ஆணையம் தரும் ஆஃப்லைன் இ-கேஒய்சி என்ற அடையாளச் சான்றுக் கோப்பு பூட்டு, முத்திரை இரண்டையும் ஒரே கட்டில் வைக்கிறது. பதிவிறக்குவது ஒரு சிப். அதைத் திறப்பது நான்கே எழுத்துள்ள பகிர்வுக் குறியீடு. உள்ளே ஆணையம் டிஜிட்டல் ஒப்பமிட்ட எக்ஸ்எம்எல் கோப்பு. நான்கு எழுத்துப் பூட்டை முயன்றால் உடைக்கலாம். ஒப்பத்தை அப்படி உடைக்க முடியாது. எனவே அந்தக் கோப்பை வாங்கும் வங்கிக்காரரும் செல்பேசிக் கடைக்காரரும் குறியீட்டைப் போட்டுப் படம் தெரிந்ததோடு நிறுத்தக் கூடாது. ஆணையத்தின் சான்றிதழோடு ஒப்பத்தைப் பொருத்திப் பார்த்த பிறகே அது சரிபார்ப்பு.