தண்டுவடமும் ஒரு மருந்தின் வரலாறும்

தருமபுரி மாவட்டத்தில் புளி உலுக்கும் பருவத்தில் மரத்தினின்றும் தவறி வீழ்ந்தவனைச் சுற்றி நிற்போர் என்ன செய்கின்றனர்? தோளையும் காலையும் பற்றித் தூக்கிவிடுகின்றனர். அன்பினால் செய்வதுதான், ஆயினும் முறிந்த முதுகெலும்பு அப்போது அசையுமானால், அதனுள் இருக்கும் தண்டுவடம் மேலும் நசுங்கும். தொப்பூர்க் கணவாயில் வண்டிகள் மோதுங்காலும் இதே அபாயம் உண்டு.

தண்டுவடம் ஏறத்தாழ நம் சுண்டுவிரல் பருமனே உடையது. எலும்புக் குழாய்க்குள் அடங்கிக் கிடப்பது. கால் சுளுக்கினால் வீக்கம் வெளியே பரவ இடமுண்டு. இங்கோ இடமில்லை. வீங்கிய திசு தன் இரத்தக் குழாய்களையே நெருக்குகிறது. இரத்தம் குன்றவே, பிழைத்திருந்த நரம்புகளும் மடிகின்றன. ஆகவே அடிபட்ட கணத்தில் விளைந்த சேதம் ஒன்று. பின்னர் மணிக்கணக்கில், நாட்கணக்கில் வளரும் சேதம் மற்றொன்று. இவ்விரண்டாவது சேதத்தை 1911-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஆல்பிரெட் ரெஜினால்ட் ஆலன் நாய்களிடத்தில் ஆராய்ந்தார். அடிபட்ட தண்டுவடத்தைக் கீறி, உள்ளே தேங்கிய கசிவை வெளியேற்றியபோது இயக்கம் ஓரளவு திரும்பியதைக் கண்டார்.

அங்ஙனமாயின், கத்தியின்றி மருந்தாலேயே வீக்கத்தை அடக்கலாகாதா? கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்கு 1950-இல் நோபெல் பரிசு கிடைத்தபின் இந்த ஆசை வலுத்தது. அவ்வினத்தைச் சேர்ந்த மெத்தில்பிரெட்னிசொலோன் என்னும் மருந்தை அமெரிக்காவில் சோதித்தனர். 1984-இல் வெளியான முதற் சோதனையில், மிகுந்த அளவுக்கும் குறைந்த அளவுக்கும் பயனில் வேறுபாடு தோன்றவில்லை. 1990-இல், 487 நோயாளிகளைக் கொண்ட இரண்டாம் சோதனை வெளியாயிற்று. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதாவது ஐம்பது கிலோ மனிதனுக்கு 1500 மில்லிகிராம், முதலில் செலுத்தப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குள் பெற்றவர்கள் சற்றுத் தேறினர் என்றனர். உலகெங்கும் மருத்துவமனைகள் அம்மருந்தைக் கைக்கொண்டன.

பிறகே ஐயங்கள் எழுந்தன. எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் நன்மை தெரியவில்லை. எட்டு மணிக் கூட்டத்தைத் தனியே பிரித்தபோதுதான் தெரிந்தது. நன்றாக எழுதிய விடைகளுக்கு மட்டும் மதிப்பெண் கூட்டித் தேர்ச்சி கேட்கும் மாணவனை எந்த ஆசிரியர் ஏற்பார்? மேலும், தொற்றும் குடலில் இரத்தக் கசிவும் மிகுந்தன. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் நெறிமுறை இம்மருந்தைப் பரிந்துரைக்கவில்லை. எட்டு மணிக்குள் ஒரு நாள் அளவு கொடுக்கலாம் என்று 2017-இல் வேறொரு குழு கூறிற்று. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அசையாமல் கிடத்துதல், இரத்த அழுத்தம் தாழாமல் காத்தல், நெருக்கும் எலும்பை அறுவையால் விரைந்து அகற்றுதல் ஆகியவற்றையே இன்றைய மருத்துவர் முதன்மையாக நம்புகின்றனர்.

இம்மருந்துச் சோதனைகளுக்கு முப்பது ஆண்டு முன்னரே, 1954-இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். கைகள் அவருக்கு எஞ்சியிருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. மரத்தினின்று வீழ்ந்தவரும் சாலையில் அடிபட்டவரும் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டவும், கட்டிலினின்று தாமே இறங்கவும், படுக்கைப் புண் வாராமல் உடலைப் பேணவும் அங்கே கற்கின்றனர்.