பிளஸ் டூவுக்குப் பிறகு தனியாகப் படிக்க எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களிலேயே பிள்ளையை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிடுகிறோம். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமுள்ள பல வீடுகளில் அதைத் தீர்மானிப்பது பிள்ளையின் விருப்பமல்ல. பக்கத்துப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, பஸ் வசதி எப்படி என்பதுதான். இரண்டு வருடம் கழித்து, கணினி அறிவியல் குரூப் முடித்த மகள் "டாக்டருக்குப் படிக்கணும் அத்தா" என்கிறாள். உயிரியல் படிக்கவில்லையே என்று நாம் கைவிரித்து விடுகிறோம்.

அப்படிக் கைவிரிக்கத் தேவையில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பர் 22 அன்று அறிவித்தது. 

கூடுதல் பாடம் எழுத நமக்குள்ள ஒரு வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே முழுப் படிப்பிலும் சேர வேண்டியதில்லை. ஒன்று முதல் நான்கு பாடங்கள் வரை மட்டும் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது.

இனி, எந்தப் பாடம்? எது சுலபம் என்று பார்க்காமல், எந்தப் படிப்புக்கு எது இல்லாமல் முடியாது என்று பாருங்கள்.

உயிரியல்: மருத்துவம்தான் இலக்கு என்றால் இது கட்டாயம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கே. எனவே பெயருக்குப் பாஸ் செய்தால் போதாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். செய்முறைத் தேர்வும் உண்டு; அதை வீட்டிலிருந்து முடிக்க முடியாது. படிப்பு மையம் எங்கே இருக்கிறது என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

கணிதம்: கணிதம் இல்லாத அறிவியல் குரூப் படித்துவிட்டுப் பொறியியல் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்கு. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் பாதி கணிதம்தான். ஆய்வகம் தேவையில்லை, ஆனால் தினமும் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் தனியாக எழுதிய கணிதம் ஏற்கப்படுமா என்பதை அந்த வருடக் கலந்தாய்வு விதிமுறையில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கணக்குப்பதிவியல்: சி.ஏ. படிக்க ஆசைப்படும் பிள்ளைக்காக இதைத் தனித்தேர்வாக எழுத வைக்க வேண்டாம். எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம். அதிலுள்ள நான்கு தாள்களில் ஒன்று கணக்குப்பதிவியல். அதற்கே நேரடியாகப் படிக்கலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் குரூப் தடையில்லை. இவற்றுக்காகக் கூடுதல் பாடம் எழுதுவது ஒரு வருடத்தை வீணாக்குவதாகும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பிடிக்காத குரூப் என்பதற்காக அரசுப் பள்ளியைப் பாதியில் விட்டு வெளியேற வேண்டாம். மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்க, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கையிலிருக்கும் பிளஸ் டூவை முதலில் நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கட்டும். இரண்டு, பாடநூலும் வினாத்தாளும் எந்த மொழியில் கிடைக்கும் என்று கேளுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரிய விஷயம். மூன்று, ஒரே நேரத்தில் ஒரு பாடம் போதும்.

தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும், செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் நமக்கு உண்டு. பதினைந்து வயதில் நாம் அவசரப்பட்டு எடுத்த ஒரு முடிவு இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது. பணம் கட்டும் முன், எந்தப் படிப்பில் சேர ஆசை என்று மகனிடமும் மகளிடமும் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாடம் தேவை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.