மைசூர்ச் சீட்டுக்கட்டும் பொம்மைவழிக் காணொளி விளையாட்டும்: இரு இழப்புகளின் வரலாறு

மைசூருவுக்குத் தெற்கே, கபிலை ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேசுவரர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் 1845 இல் எழுப்பப்பட்டது. அதை எழுப்பியவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசி தேவாஜம்மணி. கோயிலுக்குள் மன்னரும் அரசியரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் உள்ளன. வழிபட வருவோர் அங்கே காண்பது ஓர் அடியாரை. விளையாட்டின் வரலாற்றைப் பயில்வோருக்கு அதே மன்னர் வேறொரு காரணத்தாலும் முக்கியமானவர். கதைமாந்தரை ஆட்டக்காய்களாக மாற்றும் கலையில் இந்தியா கண்ட மிக விரிவான முயற்சிகளுள் ஒன்று அவருடையது.

1831 இல் ஆங்கிலேயர் மைசூரின் நிருவாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1868 இல் இறக்கும்வரை கிருஷ்ணராஜர் பெயரளவிலேயே மன்னராக இருந்தார். அவர் பெயரால் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்துவநிதி' ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்ட ஓவியப் பெருநூல். அதன் ஒன்பதாம் பகுதியான 'கௌதுக நிதி' விளையாட்டுகளையும் பொழுதுபோக்குகளையும் பேசுகிறது. யோகத்தின் வரலாற்றை ஆராய்வோர் அறிந்த 122 ஆசனப் படங்கள் இடம்பெறுவதும் இப்பகுதியில்தான். கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளின் பல புதிய கட்டுகள் இதில் விவரிக்கப்படுகின்றன. தசாவதாரக் கஞ்சிபாவில் பத்து இனங்களும் 120 சீட்டுகளும் உண்டு. மைசூர்க் கட்டுகளுள் மிகப் பெரியவை 360 சீட்டுகள் வரை விரிந்தன. தெய்வங்களும் கோள்களும் புராண மாந்தரும் அவற்றில் அணிவகுத்தனர்.

கஞ்சிபாவில் கதைமாந்தர் வெறும் அலங்காரமல்லர். மராட்டியப் பகுதி வழக்கில், தசாவதாரக் கட்டைப் பகலில் ஆடினால் இராமன் சீட்டை வைத்திருப்பவர் தொடங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணன் சீட்டை வைத்திருப்பவர் தொடங்குவார். இராமன் நண்பகலில் பிறந்தவன், கிருஷ்ணன் நள்ளிரவில் பிறந்தவன் என்னும் மரபோடு இது பொருந்துகிறது. கதை இங்கே ஆட்டவிதியாகவே ஆகிவிடுகிறது. ஒரு கதைமாந்தரைக் கொண்டு செய்யப்பட்ட எந்த விளையாட்டையும் மதிப்பிட இது நல்ல அளவுகோல்: மாந்தர் படமாக மட்டும் நிற்கிறாரா, விதிக்குள்ளும் இறங்குகிறாரா?

இந்த அளவுகோலைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பொம்மை – கார்ட்டூன் – காணொளி விளையாட்டு என்னும் சங்கிலியைப் பார்க்கலாம். அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் 1982 இல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பொம்மை வரிசையின் நாயகன் ஹீ-மேனின் கார்ட்டூன் தொடர் 1983 இல் தொடங்கியது. காணொளி விளையாட்டும் அதே ஆண்டில் வந்தது. இன்டெலிவிஷன் என்னும் விளையாட்டுக் கருவியையும் மேட்டலே தயாரித்தது. பொம்மையும் கருவியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த நேர வரம்பை அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1984 இல் நீக்கியது. அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோவின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வந்தது. அதன் பொம்மைகளில் பல, ஜப்பானின் தகாரா நிறுவனம் முன்பே செய்து விற்றவை. அவற்றுக்குப் பெயரும் குணமும் பகையும் பின்னர்ச் சூட்டப்பட்டன. புராணத்திலிருந்து காய் பிறந்தது மைசூரில். இங்கே காயிலிருந்து புராணம் பிறந்தது.

ஆயினும் இவ்வகை விளையாட்டுகள் அனைத்தையும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 1986 இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்படுகிறான். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்குக் கடையில் இடம்தேடும் வணிகமே அந்தக் கதைமுடிவின் காரணம். ஜப்பானில் அவன் பெயர் கான்வாய். படம் அங்கு வெளியாகாத நிலையில், அவன் எவ்வாறு இறந்தான் என்னும் புதிரைத் தலைப்பாகக் கொண்டு 'மிஸ்டரி ஆஃப் கான்வாய்' என்னும் விளையாட்டை 1986 டிசம்பரில் தகாரா ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்டது. ஆடுவோர் அல்ட்ரா மேக்னஸ் என்னும் பாத்திரத்தை இயக்கினர். எந்திர மனிதனாகவும் வாகனமாகவும் அவன் உருமாறுவதே ஆட்டத்தின் அடிப்படை விதி. மிகக் கடினமான விளையாட்டு என்று பெயரெடுத்தாலும், பொம்மையின் இயல்பு அதில் விதிக்குள் இறங்கியிருக்கிறது.

வேறுபாடு வடிவத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. ஆக்டிவிஷன் நிறுவனம் 'வார் ஃபார் சைபர்ட்ரான்' (2010), 'ஃபால் ஆஃப் சைபர்ட்ரான்' (2012), 'டிவாஸ்டேஷன்' (2015) முதலிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விளையாட்டுகளை வெளியிட்டது. உரிம ஒப்பந்தம் முடிவுற்றதை ஒட்டி, 2018 தொடக்கத்துக்குள் அவை இணையவழி விற்பனையிலிருந்து நீங்கின. விளையாட்டின் நிரல் ஒரு நிறுவனத்தின் உடைமை; அதில் வரும் மாந்தர் இன்னொரு நிறுவனத்தின் உடைமை. இருவரும் மீண்டும் உடன்படாதவரை அவை திரும்ப விற்பனைக்கு வர வழியில்லை. எல்லா விளையாட்டுகளும் பழசாகின்றன. ஆனால் இரவல் பெற்ற மாந்தரைக் கொண்டவை பிறக்கும்போதே முடிவுநாளையும் உடன்கொண்டு பிறக்கின்றன.

இவ்விடத்தில் இரு இழப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. மைசூரின் பெரிய கஞ்சிபாக் கட்டுகளை இன்று ஆடுவோர் இல்லை. அரண்மனைச் சூழல் மறைந்ததும் ஆட்டமும் மறைந்தது. எனினும் நூல் எஞ்சியது; அதன் பிரதியொன்று மைசூரு கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் உள்ளது. ருடால்ஃப் வான் லைடன் அக்கட்டுகளை ஆராய்ந்து எழுத முடிந்தது. ஓவியர் கஞ்சிபா ரகுபதி பட் அந்தக் கலையை மீட்டு வரைய முடிந்தது. வாமனனையோ நரசிம்மனையோ வரைய எவரிடமும் உரிமம் கேட்கவேண்டியதில்லை. காணொளி விளையாட்டில் நிலைமை தலைகீழ். ஆட விரும்புவோர் இருக்கின்றனர், இயக்கும் கருவிகளும் இருக்கின்றன, இல்லாதது அனுமதி. 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே அணுக நூலகங்கள் வழிசெய்யலாமா என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது.

இந்தியாவுக்கும் இது பிறர் வீட்டுச் செய்தியன்று. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் உருவாக்கிய 'சோட்டா பீம்' 2008 இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கி, பொம்மைகளாகவும், நசாரா நிறுவனத்தின் வழியே கைப்பேசி விளையாட்டுகளாகவும் பரவியது. பீமன் என்னும் பெயர் மகாபாரதம் தந்த பொதுச்சொத்து. லட்டு தின்று வலிமை பெறும் இந்தச் சிறுவனோ நிறுவனத்தின் உடைமை. உடையாரின் ஓவியருக்கு இருந்த உரிமை இன்றைய விளையாட்டுப் படைப்பாளருக்கு அந்தச் சிறுவன்மீது இல்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1957 ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவில் 2012 திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது. வணிக நோக்கற்ற பொது நூலகம், எண்முறை அல்லாத பிரதி ஒன்று தன்னிடம் ஏற்கெனவே இருந்தால், அப்படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம். ஓலைச்சுவடிக்கும் அச்சுநூலுக்கும் இது போதும். கைப்பேசியிலேயே பிறந்து, கடைத்தட்டில் ஒருநாளும் இராத விளையாட்டுக்கு எண்முறை அல்லாத பிரதி ஏது? பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் பொருளே விலக்கின் வெளியே நிற்கிறது.

ஆகவே இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள், விளையாட்டை மட்டும் சான்றாக நம்பியிருத்தல் கூடாது. பெட்டியின் அட்டை, விதிக் கையேடு, விளம்பரம், ஆடியோரின் வாய்மொழி, ஆட்டத்தின் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துவைப்பதற்கு எந்தச் சட்டத்திருத்தத்துக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. கௌதுக நிதி நமக்கு விட்டுச்சென்றதும் ஆட்டத்தை அன்று. அதைப் பற்றிய விவரிப்பை மட்டுமே. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அக்கட்டுகளைப் பற்றிப் பேச அந்த விவரிப்பே போதுமாயிருக்கிறது.