உழைச்செல்வானின் கணக்கு

சின்னமனூரின் பெயரைத் தமிழகச் சரித்திரத்தில் நிலைநிறுத்தியவை, பத்தாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் இராசசிம்மன் காலத்துச் செப்பேடுகள். அரச வம்சத்தின் கீர்த்தியைப் பாடி, மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்லி, தானமாக வழங்கிய நிலத்தின் விவரத்தையும் அவை பதிந்து வைத்திருக்கின்றன. அளப்பதும் எழுதிவைப்பதும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பழகிப்போன காரியங்கள். நெல்லுக்கு மரக்கால், வெற்றிலைக்குக் கவுளி, வாழைக்குத் தார், 1895-ல் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிந்தபின் பாய்ச்சலுக்கு முறைத் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டு மாதக்கணக்கில் விழித்திருக்கும் மனைவியோ மகளோ அனுபவிக்கும் அவஸ்தைக்கு மாத்திரம் அளவுகோல் ஒன்று வர வெகுகாலம் பிடித்தது.

அந்த மனிதரை நம் முன்னோர் அறியாமல் இல்லை. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பணிசெய்பவனையும் சேர்த்து வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் என்று வகுத்த திருவள்ளுவர், அவனுக்கு உழைச்செல்வான் என்ற அழகிய பெயரையும் இட்டார். சரகரின் ஆயுர்வேத சாஸ்திரத்திலும் இந்த நால்வகை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு இலக்கணம் சொல்லுகிறபோது, உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்தில் அன்பு வேண்டும், மனமும் மொழியும் மெய்யும் தூயனவாக இருக்கவேண்டும், சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை வேண்டும், அறிவு வேண்டும் என்கிறார். நான்கும் அவனிடம் வேண்டுவன. அவனுக்கு என்ன வேண்டும், இந்தப் பணியில் அவனிடமிருந்து எது தேய்ந்துபோகிறது என்று வினவ, அத்தனை நுட்பமான உரையாசிரியருக்கும் தோன்றவில்லை. இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு எழுநூறு ஆண்டுகளுக்கு எவரும் வினவவில்லை.

கூலிக்குப் பணிசெய்தவருக்கோ கல்வெட்டிலேயே இடம் கிடைத்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர்சாலையைப் பற்றிய சாசனம், வைத்தியரையும் சல்லியக்கிரியை செய்பவரையும் மருந்தும் விறகும் கொண்டுவருபவரையும் சொல்லி, நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் இருவரையும் மறவாமல் சேர்த்து, அவரவருக்கு நெல் இவ்வளவு என்று விதிக்கிறது. நெல் அளக்கப்பட்ட சுசுருஷை கல்லில் ஏறியது. வீட்டுப் பெண்ணின் சுசுருஷை தர்மம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்து, அரசாங்கத்தோடும் அவநம்பிக்கையோடும் போராடி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு குடிசையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். நாடறிந்த இந்த விருத்தாந்தத்தில் நான் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. தென்னாட்டின் அந்த மகத்தான ஸ்தாபனத்துக்கு வித்திட்டது, நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு தமக்கையின் அனுபவம்.

அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அடையாறு போவது சாமானியப் பிரயாணம் அன்று. இரயில் ஏறத் தேனிக்கு வரவேண்டும். 1928-ல் போடிநாயக்கனூருக்கு வந்த மீட்டர் கேஜ் பாதையில் மதுரை போய், அங்கே வண்டி மாறிச் சென்னைக்குப் போகவேண்டும். மொத்தம் 500 கிலோமீட்டருக்கும் மேல். பிற்காலத்தில் மதுரையிலேயே வைத்திய வசதி வந்தபின் தூரம் ஐந்தில் ஒரு பங்காயிற்றே ஒழிய, அலைச்சல் நின்றபாடில்லை. கதிரியக்கச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். ஒரு தடவை வைக்கச் சில நிமிஷங்கள்தாம் ஆகும். அதை வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரம் வைக்கவேண்டியிருப்பதால், கூட வந்தவர் வாழைத்தோட்டத்தையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, வயர்கூடை, ஃபிளாஸ்க், ஸ்கேன் படங்கள் சுருட்டிவைத்த மஞ்சள் பை சகிதமாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குடியேறிவிடுகிறார். நம் தேசத்து ஆஸ்பத்திரிகள் இவரை நம்பியே நடக்கின்றன. சீட்டு வாங்குவதும், இரத்தப் பரிசோதனைக்குக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் இவர்தாம்.

அளவுகோலின் சரித்திரம் நோயாளியிடமிருந்தே தொடங்குகிறது. நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குப் புது மருந்துகளைப் பரீட்சித்த டேவிட் கார்னாஃப்ஸ்கி என்ற வைத்தியர், கட்டி சுருங்கியதா என்று பார்த்தால் மட்டும் போதாது, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா என்பதையும் பார்க்கவேண்டும் என்று கருதி, 1948-ல் நூறிலிருந்து பூச்சியம் வரை இறங்கும் ஒரு படிவரிசை அமைத்தார். எழுபதில் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கிறார். அறுபதில் அவ்வப்போது ஒத்தாசை வேண்டும். ஐம்பதில் நிறையவே வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1968-ல், நம் முதலமைச்சர் அண்ணா சஸ்திர சிகிச்சைக்குப் போனதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த அட்டவணையை வாசிக்கும்போதெல்லாம், அதில் பெயர் சொல்லாமல் இன்னொருவர் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். ஒத்தாசை வேண்டும் என்றால் அதைச் செய்பவர் யார்? நோயாளி பத்துப்படி இறங்க இறங்க, அவருடைய இராத்திரி பத்துப்படி நீளுகிறது. அந்தப் பக்கத்துக்கு எண் போடவில்லை.

எண் போட்டவர்கள் மனநோய் வைத்தியர்கள். இங்கிலாந்தில் கிராட், செயின்ஸ்பரி இருவரும் மனநோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு நேரும் சிரமத்தை ஆராய்ந்து 1963-ல் எழுதினார்கள். நம் நாட்டிலே, அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் பந்துக்களை மனநோய் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூரிலும் குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டே சிகிச்சை நடந்தது. இந்த மரபில் 1981-ல் பாய், கபூர் என்ற இருவர் ஆக்கிய 24 வினாக்களின் பட்டியல், சோற்றிலும் சேமிப்பிலும் ஓய்விலும் உறவிலும் தேகத்திலும் மனத்திலும் குடும்பம் இழந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பணமுடையால் தள்ளிப்போட்ட கல்யாணமும் யாத்திரையும்கூட அதில் விசாரிக்கப்படுகின்றன. நிச்சயம் பண்ணிய கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது எத்தனை பெரிய விஷயம் என்பதை இந்தியக் குடும்பத்தை அறிந்தவர்களே கேட்கமுடியும்.

1990-களில் உலக சுகாதார ஸ்தாபனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு பொது வினாத்தாள் செய்ய முற்பட்டபோது, தேர்ந்தெடுத்த 15 மையங்களில் சென்னையும் ஒன்றாக இருந்தது. ஒருவருடைய வாழ்வின் தரத்தை அவரே, தம் பண்பாட்டில் நின்று சொல்லவேண்டும் என்பது அதன் அடிப்படை. மனச்சிதைவு நோயாளரின் குடும்பங்களுக்காக, சாரதா மேனன் நிறுவிய சென்னை ஸ்கார்ஃப் ஸ்தாபனம் 40 வினாக்கள் கொண்ட சுமைப் பட்டியலை 1998-ல் வெளியிட்டது. மறு ஆண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வைட்ஸ்னரும் அவருடைய சகாக்களும், புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்றே 35 வினாக்களை முறைப்படுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பு, மொத்தம் 140. தூக்கம், பணம், பயம், குற்றவுணர்வு, அன்றாடம் குலைந்துபோதல் இவற்றோடு, நோயாளியோடு முன்னிலும் நெருக்கம் கூடியதா என்றும் அது கேட்கிறது. இந்தக் கடைசிக் கேள்விக்காகவே அதன் கர்த்தாக்களைப் பாராட்டுவேன்.

ஆனால் கேள்வியைத் தமிழில் கேட்பது எளிதன்று. புருஷன் உனக்குச் சுமையாக இருக்கிறாரா என்று, அவர் காதில் விழும் தூரத்தில் நின்று கேட்டால், எந்தப் பெண் ஆமென்பாள்? ‘ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல’ என்ற பதிலுக்குப் பூச்சியம் போட்டுக்கொண்டு, சுமையே இல்லாத குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டால், அளவுகோல் பொய்த்துப்போகும்.

சின்னமனூரில் பெரியப்பா படுக்கையாகக் கிடந்த காலத்தில், இத்தகைய கேள்விகளைப் பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுப்பார்த்தேன்.

“பெரியம்மா, ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?”

“தூங்காம என்னப்பா? அவரு இருமினா முழிச்சுக்கிருவேன். இருமலேன்னாலும் முழிச்சுக்கிருவேன்.”

இதற்கு எந்த எண்ணைப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை அவரே எடுத்துக்காட்டினார். பேரன் மிச்சம் வைத்த பக்கங்களில் பென்சிலால் வரிவரியாக எழுதியிருந்தது: மதுரை பஸ் இரண்டு பேர், மருந்து ஏற்றியது, கஞ்சி அரை டம்ளர், வாந்தி, காய்ச்சல், வட்டி. எல்லா வரியும் பெரியப்பாவுடையதுதான். ‘பஸ் இரண்டு பேர்’ என்ற இடத்தில் மட்டும் பெரியம்மா இருந்தார். இதில் உங்களைப் பற்றி ஒன்றும் எழுதக் காணோமே என்று கேட்க வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. நோட்டை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் கேட்க நினைத்திருந்தவற்றில் பாதிக்குமேல் கேட்கப்படாமலே நின்றுவிட்டன.