ஹெய்ட்டி முழவும் அதன் உறவுகளும்

ஹெய்ட்டி நாட்டு ஊர்களில், 'ரடா' வழிபாட்டின்போது மூன்று முழவுகள் சேர்ந்து முழங்கும். பெரியதன் பெயர் 'மன்மன்', அஃதாவது தாய். அடுத்தது 'செகோன்', இரண்டாவது. மூன்றினும் சிறியது 'பூலா'. 'ஓகான்' என்னும் இரும்பு மணி தாளத்தை வரையறுத்துக் கொடுக்க, பூலா மாறாத நடையில் ஒலிக்கும். செகோன் அதற்கு மறுமொழி கூறும். தாய் முழவு மட்டுமே ஆடுவோரின் அடிகளை நோக்கித் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை உடையது. வன்மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோல் போர்த்து, முளைகள் அடித்து இவற்றை இறுக்குவர். 'பெத்துரோ' என்னும் மற்றொரு வழிபாட்டு மரபில் ஆட்டுத்தோலைக் கயிற்றால் இறுக்கி, கோலின்றி வெறுங்கையாலேயே முழக்குவர்.

ரடா என்ற பெயர், இன்றைய பெனின் நாட்டிலுள்ள அல்லடா என்னும் பழைய அரசின் பெயரிலிருந்து வந்தது. இப்பெயர் கடல் கடந்த வரலாறு துயரம் மிக்கது. 1697-இல் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கிடைத்த இந்நாடு அப்போது சேன் தொமாங் எனப்பட்டது. கரும்புக்கும் காப்பிக்குமாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள், 1789 அளவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அங்கிருந்தனர். வெவ்வேறு முதலாளிகளின் அடிமைகள் ஓரிடத்தில் கூடுவதை 1685-ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்' தடுத்தது. திருமணத்தின் பெயரால் கூடினாலும் குற்றமே. அதற்குக் குறைந்த தண்டனை, கசையடியும் உடலில் சூட்டுக்கோலால் இடும் குறியும் ஆகும். முழவொலி கேட்டால் மக்கள் கூடுவர் அன்றோ? ஆதலின் முதலாளிகள் அவ்வொலியை அஞ்சினர். 1791 ஆகஸ்டில் எழுந்த கிளர்ச்சி 1804 சனவரி முதல் நாளில் விடுதலையாக முடிந்தது.

அக்கிளர்ச்சிக்கு அஞ்சிய பிரெஞ்சுத் தோட்டக்காரர் பலர் தம் அடிமைகளையும் உடன்கொண்டு கிழக்குக் கியூபாவுக்கு ஓடினர். சாண்டியாகோ, குவாண்டனாமோ நகரங்களில் அவ்வடிமைகளின் வழியினர் வளர்த்த கலையே 'தும்பா பிரான்சேசா', அஃதாவது பிரெஞ்சு முழவு. அதன் ஆடல்களுள் ஒன்று பிரெஞ்சு மாளிகை நடனத்தைத் தழுவியது. மற்றொன்றான 'யூபா', முழவுக்கும் ஆடுபவருக்கும் நிகழும் உரையாடல் போன்றது. பாடல்களிலும் கிரியோல் மொழி கேட்கும். இக்கலையை 2003-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருஞ்செல்வமென அறிவித்தது. நெப்போலியன் ஸ்பெயின்மீது படையெடுத்ததால் சினமுற்ற கியூபா ஆட்சியினர் 1809-இல் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றினர். அவ்வகையில் 9,000-க்கும் மேற்பட்டோர் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தனர். அவர்களில் வெள்ளையரும், விடுதலை பெற்ற கறுப்பரும், அடிமைகளும் இருந்தனர்.

மாணவ நண்பர்களே, ஏடெழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றுக்குச் சில வேளைகளில் சொற்களே சான்றாகும். ஹெய்ட்டியின் 'பூலா' கியூபாவிலும் 'புலா'வாக வாழ்கிறது. குவாடலூப்பிலும், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்னும் சிறு தீவிலும் 'பூலா'. போர்ட்டோ ரிக்கோவின் 'பொம்பா' இசையில் 'புலெயடோர்'. ஹெய்ட்டியில் இது சிறிய முழவு, குவாடலூப்பிலோ பெரியது. அளவு மாறினும் தொழில் மாறவில்லை. எங்கும் அது நிலைத்த நடையைக் காக்கும். வேறொரு முழவே அதன்மேல் விளையாடும்.

எனினும் ஒற்றுமை கண்ட இடமெல்லாம் ஹெய்ட்டியைத் தாயாக்கிவிடுதல் தகாது. ஹெய்ட்டியின் 'ஜூபா' ஆட்டத்தில் முழவைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் அமர்ந்து, குதிகாலால் தோலை அழுத்தி ஒலியை உயர்த்தித் தாழ்த்துவர். மார்ட்டினிக்கின் 'பெலே'யிலும் ஜமைக்காவின் 'குமினா'விலும் இதே முறை உண்டு. 1819-இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப், முதியவர் ஒருவர் முழவின்மேல் கால்பரப்பி அமர்ந்து விரல்களால் விரைந்து முழக்கியதை எழுதிவைத்துள்ளார். இவற்றுள் குமினா ஹெய்ட்டி வழி வந்ததன்று. அடிமை முறை ஒழிந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா சென்ற நடு ஆப்பிரிக்க மக்கள் வளர்த்த மரபு அது. ஆகவே இவ்விரண்டையும் தாய் சேய் என்பதினும், காங்கோப் பகுதியின் பழைய மரபு வேறு வேறு காலத்தில் ஈன்ற உடன்பிறப்புகள் எனல் பொருந்தும்.

வெள்ளையர் ஆட்சி நீங்கியும் ஹெய்ட்டியில் முழவுக்கு அமைதி கிட்டவில்லை. கற்ற மேலோர் பலர் அதனை நாணத்தக்கதாகவே கருதினர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வழிபாடுகளை 'மூடப் பழக்கம்' எனத் தடைசெய்தது. 1941, 1942 ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை, அரசின் துணையோடு, ஊர் ஊராகச் சென்று முழவுகளைத் தீயிலிட்டது. எழுத்தாளர் ழாக் ரூமேன் இதனைக் கண்டித்து எழுதினார். மக்களின் வழிபாட்டுப் பொருள்களைக் காக்கவும் ஆராயவும் 1941-இல் இனவியல் நிலையம் ஒன்றை நிறுவினார். ஆளுயரத்தையும் விஞ்சும் 'அசோத்தோர்' என்னும் பெருமுழவின் சடங்கைக் குறித்து அவர் எழுதிய நூல் 1943-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். அந்தத் தடைச் சட்டம் நீங்கியது 1987-இல்தான்.